கேட்க இருபத்தைந்து பேர்

எழுத்தாளர் சங்கத்துச் செயலாளர் பதவி நன்றாக எழுதுகிறவனுக்குக் கிடைப்பதில்லை. "என்னால் ஏலாது" என்று உரத்துச் சொல்லத் தெரியாதவனுக்குத்தான் கிடைக்கிறது.

உங்களில் யாராவது ஊரில் ஒரு சங்கம் நடத்தியிருந்தால் இந்த வரியிலேயே பெருமூச்சு விட்டிருப்பீர்கள். தாராளமாக விடுங்கள். அதில் எனக்கும் பங்குண்டு. எங்கள் சங்கம் கரவெட்டிப் பக்கம். நான் சொல்லப்போவது, மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போய், சீனி மட்டும் கண்ணில் படாதிருந்த காலத்துக் கதை. அங்கத்தவர் பதினொரு பேர். சொத்து என்றால் ஒரு மர அலுமாரி, அதற்குள் அங்கத்தவர்களின் கையெழுத்துப் பிரதிகள், மை காய்ந்த ஒரு ரப்பர் முத்திரை. ஊழியர் என்றால் நானும் என் சைக்கிளும். இரண்டு பேரில் சைக்கிளுக்குத்தான் குரல் பெரிது.

ஏகமனதாக

எனக்குப் பிறவியிலேயே மெல்லிய குரல். அப்புவும் ஆச்சியும் வளர்த்த பேரப்பிள்ளை. அவர்கள் கதை சொல்லும் வீட்டில் எனக்கு வாயைத் திறக்க வேண்டிய தேவை பெரிதாக இருக்கவில்லை. பொதுக்கூட்டத்தில் தலைவர் கதிரவேலு மாஸ்டர் என் பெயரைச் சொல்லி, "ஆராவது மறுப்பு இருக்கோ?" என்று கேட்டார். நான் எழும்பி, "எனக்கு மறுப்பு இருக்கு" என்றேன். முன் வரிசையில் இருந்தவருக்கே கேட்கவில்லை. நான் எழும்பி நின்றதை, பதவியை ஏற்றுக்கொண்டு வணக்கம் சொல்ல நின்றதாக எடுத்துக்கொண்டார்கள். கைதட்டினார்கள்.

எங்கள் சங்கத்தின் விமர்சகர் தம்பிராசா அண்ணை. தபாற் கந்தோரில் வேலை. எவர் எதை எழுதினாலும் அதில் ஒரு குறை கண்டுபிடித்து விடுவார். அன்றைக்கு அவரே மனம் நிறைந்து சொன்னார்: "இதுதான் தெரிவு. போட்டியில்லை, சண்டையில்லை. தெரிவான பெடியன்கூட எதிர்க்கேல்லை."

நிபந்தனை

முன்பெல்லாம் எங்கள் கூட்டம் சந்தித் தேத்தண்ணிக் கடையின் பின்பக்கத்தில் நடந்தது. அங்கே எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர. எங்களில் உண்மையாகவே கதை எழுதத் தெரிந்த ஒரே ஆள் பூமணி அக்கா. உடுவிலில் தையல் ரீச்சர். இரண்டு பஸ் மாறித்தான் வரவேண்டும். தேத்தண்ணிக் கடைக்குள் அவர் எப்படி வந்து இருப்பார்? தன் கதையைத் தபாலில் அனுப்புவார். தம்பிராசா அண்ணை அதை வாசித்துத் தானே குறை சொல்லுவார். மாஸ்டர் கெஞ்சிக் கூத்தாடி ஊர் வாசிகசாலை மண்டபத்தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் கேட்டு வாங்கிய பிறகுதான் அக்கா கூட்டத்துக்கு வரத் தொடங்கினார். "இந்த மண்டபம் இல்லையெண்டால் நான் பழையபடி தபாலிலைதான் தம்பி" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வாசிகசாலைக்குத் தலைவர் சின்னத்தம்பியர். வெங்காயச் செய்கைக்காரர். அதிகம் கதைக்கமாட்டார்; காதில் ஒரு பென்சில் செருகியிருப்பார். நான் செயலாளராகி இரண்டாம் கிழமை என்னைக் கூப்பிட்டார். கரம் பலகையில் காய் அடித்து விளையாடும் பெடியள் அதே ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கிறார்களாம். மூன்று கூட்டம் பார்ப்பாராம். மூன்றாம் கூட்டத்துக்குக் கேட்க இருபத்தைந்து பேர் வந்தால் மண்டபம் எங்களுக்கு. வராவிட்டால் நாங்கள் அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்கு முந்திவிட்டார்: "தம்பி, அவங்கள் கத்திக் குளறி விளையாடியும் பத்துப் பேர் நிண்டு பாக்கினம். நீங்கள் சத்தமில்லாமல் இருந்து பத்துப் பேரைக் கலைக்கிறியள்."

நோட்டீஸ்

மாஸ்டரிடம் ஓடினேன். அவர் பதறவே இல்லை. நாற்பது வருடம் படிப்பித்தவர். எங்கள் சனத்தின் சுபாவம் அவருக்குத் தெரியும். "நோட்டீசிலை பேர் இருக்கிறவன் வராமல் இருக்கமாட்டான். பேரைப் போடு" என்றார்.

போட்டேன். தலைமை ஒருவர், வரவேற்புரை ஒருவர், தொடக்கவுரை, அறிமுகவுரை, ஆய்வுரை, கருத்துரை, மதிப்புரை, வாழ்த்துரை பதினைந்து பேர், பதிலுரை, ஏற்புரை, நன்றியுரை இரண்டு பேர். ஒரு ஆளை விட்டால் அந்த ஆளின் மைத்துனன் கோபிப்பான். மைத்துனனைப் போட்டால் ஆளே கோபிப்பார். இப்படிப் போட்டுப் போட்டு இருபத்தாறு பெயர் வந்துவிட்டது. இருபத்தைந்துக்கு ஒன்று மேலே. எனக்குப் பெரிய நிம்மதி. நெல்லியடி அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் அண்ணை என் கையெழுத்துத் தாளை மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, கூட்டம் நோட்டீசிலையே முடிஞ்சுது போலை கிடக்கு. பிறகேன் மண்டபம்?"

மேடை நிறைந்த கூட்டம்

மாஸ்டர் சொன்னது பிழைக்கவில்லை. இருபத்தாறு பேரும் வந்தார்கள். சால்வையோடு வந்தார்கள். ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: பேசுகிறவர் மேடையில் இருக்க வேண்டும். மேடையில் ஏழு கதிரைக்குத்தான் இடம். மிச்சப் பேர் கீழே இருந்த வாங்குப் பலகைகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கினார்கள். மூன்றரை மணிக்கு மேடையில் இருபத்தாறு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருந்தார்கள். பூமணி அக்கா மேடைப் படியில் இருந்தார். கீழே மண்டபம் கூட்டிப் பெருக்கின முற்றம்போல வெறுமையாகக் கிடந்தது. நடுவில் ஒரேயொரு கதிரை. அதில் ஒரேயொரு ஆள்.

மாஸ்டர் எழும்பி, "பேரன்புமிக்க சபையோரே" என்று தொடங்கினார். சபையோர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். ஒன்றேகால் மணித்தியாலம் இருபத்தாறு பேரும் தன்னைப் பார்த்தே பேசப் பேச, சின்னத்தம்பியர் அசையாமல் இருந்து கேட்டார். நன்றியுரை இரண்டும் முடிந்தது. அவர் எழும்பி என்னிடம் வந்தார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பேச வந்தவை இருபத்தாறு. கேக்க வந்தது ஒண்டு. அதுவும் எண்ண வந்த நான்."

படலையடியில்

இரண்டாம் கூட்டத்துக்கு நோட்டீசே வேண்டாம், வீடுவீடாகப் போய் வாயால் சொல்லு என்றார் மாஸ்டர். கல்யாணத்துக்கு அப்படித்தானே சொல்லுகிறோம். நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். எனக்குக் கூச்சம். எந்த வீட்டுக்குள்ளும் போகாமல், வேலி வாசல் படலையடியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்று, தலையைக் குனிந்துகொண்டு, மெல்லிய குரலில், "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூண்டு மணிக்கு..." என்று தொடங்குவேன்.

உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்குத்தான் அப்போது விளங்கவில்லை. வெள்ளை வேட்டியோடு உள்ளே வராமல் படலையடியில் நின்று தாழ்ந்த குரலில் சேதி சொல்லுகிறவன் எங்கள் ஊரில் எதற்கு வருகிறவன்? இழவு சொல்ல வருகிறவன். முதல் வீட்டில் கிணற்றடியில் நின்ற செல்லாச்சி மாமி என்னைக் கண்டதும் வாளியைப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "ஐயோ, ஆர் மோசம் போனது? மாஸ்டரோ?" நான் இல்லையென்று தலையாட்டினேன். "அப்ப மாஸ்டரின்ரை பெஞ்சாதியோ?" அதற்கும் தலையாட்டினேன். அடுத்தடுத்த வளவுகளில் இருந்தவர்களும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். மாமி ஊரில் வயதானவர்கள் எல்லாரையும் வரிசையாகக் கேட்டு முடித்த பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. "சிறுகதை, மாமி" என்றேன். "கதை வாசிக்கினம். வந்து கேக்கோணும்." மாமி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் சிரித்த சிரிப்பு மூன்றாம் வளவுக்குக் கேட்டிருக்கும். "அப்பாடா! ஒருதரும் சாகேல்லையெண்டால் நான் கட்டாயம் வாறன்."

பனங்கட்டி

மாமி சொன்னபடி வந்தார். என்னைக் கண்டு பயந்துபோன மற்ற வீட்டுக்காரர்களும் வந்தார்கள். மொத்தம் பதினாலு பேர். எல்லாருக்கும் வெறுந்தேத்தண்ணி. சீனி இல்லாதபடியால் ஆளுக்கொரு துண்டு பனங்கட்டி, கடித்துக்கொண்டு குடிக்க. பேச்சாளருக்குப் பனங்கட்டி இல்லை, கேட்பவருக்கு மட்டும்தான் என்று நான் ஒரு விதி போட்டேன். என் பதவிக்காலத்தில் நான் போட்ட ஒரே விதி அதுதான். தம்பிராசா அண்ணை மேடையிலிருந்து இறங்கி வந்து மாமிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சொன்னார்: "நான் இண்டைக்குப் பேசேல்லை."

கதியால்

அன்றைக்குப் பூமணி அக்கா தன் கதையைத் தானே வாசித்தார். ஒரு வேலிக் கதை. அண்ணன் தம்பி இருவருக்கும் தகப்பன் பிரித்துக் கொடுத்த வளவு. நடுவில் கதியால், அதாவது நட்டால் துளிர்க்கிற மரக்கொம்பு, நாட்டின வேலி. அண்ணன் செத்துப்போகிறான். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் வேலி அடைக்கிற நாளில் தம்பிக்காரன் கதியாலை ஒரு சாண் தள்ளி, அண்ணன் பெண்சாதியின் பக்கம் நாட்டி விடுகிறான். பன்னிரண்டு வருடம். அந்த மனுசிக்கு இது தெரியுமோ தெரியாதோ என்பதுதான் கதை.

கேட்டவர்கள் பனங்கட்டியைக் கடிக்க மறந்துபோனார்கள். வேலிச் சண்டை இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் ஏது? பதின்மூன்றாம் வருடம் வேலி அடைப்பு நாள் விடிகிறது. தம்பிக்காரன் குழி தோண்டும் அலவாங்கும் கதியாலுமாக வருகிறான். மறுபக்கத்தில் அண்ணன் பெண்சாதி கையில் ஓர் அளவுக் கயிற்றோடு வருகிறாள்... அந்த இடத்தில் சந்தியில் பஸ் ஹோர்ன் அடித்தது. ஐந்து மணி பஸ். அதை விட்டால் அக்கா உடுவிலுக்குப் போய்ச் சேர வழியில்லை. தாள்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு, "மிச்சம் வாற மாதம்" என்று சொல்லி ஓடினார். பின்னாலேயே செல்லாச்சி மாமி வாசல்வரை ஓடினார்: "பிள்ளை, அவள் அளந்தவளோ இல்லையோ? அதையெண்டாலும் சொல்லிப்போட்டுப் பஸ்ஸிலை ஏறு!"

உறுதி

அந்த மாதம் முழுக்க நான் யாரையும் அழைக்கப் போகவில்லை. போகத் தேவை வரவில்லை. பதினாலு பேரும் சந்தையிலும் கிணற்றடியிலும் கதையைச் சொல்லிவிட்டார்கள். கதை பரவப் பரவ ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஆண்களில் பாதிப்பேர் தம்பிக்காரன் பக்கம். பெண்கள் முழுக்க மனுசி பக்கம். மூன்றாம் கூட்டத்தன்று மண்டபம் நிறைந்து, சனம் யன்னலுக்கு வெளியிலும் நின்றது. இவர்கள் கதை கேட்க வந்தவர்கள் மாதிரித் தெரியவில்லை. கோட்டுக்கு வழக்காட வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

பொன்னையர் என்றொரு வயோதிபர் கக்கத்தில் ஒரு தகரக் குழாயோடு வந்தார். மூடியைத் திறந்து, பழைய காணி உறுதிப் பத்திரத்தை வெளியே இழுத்து, என் மேசையில் விரித்தார். "உந்தக் கதையிலை வாற வளவு என்ரை, தம்பி. எனக்கும் அண்ணன் இருந்தவர். எனக்கும் நடுவிலை வேலி. உடுவில் பிள்ளைக்கு என்ரை கதையை ஆர் சொன்னது? இந்தா உறுதி, பாரும்!" இது வெறும் கற்பனை என்று நான் எவ்வளவோ சொன்னேன், என் குரல் அவரிடம் போய்ச் சேரவில்லை. செல்லாச்சி மாமியின் குரல் போய்ச் சேர்ந்தது: "அப்பிடியெண்டால் பன்னிரண்டு வருசமாய்க் கதியால் தள்ளினது நீர்தானே?"

பொன்னையர் உறுதியைச் சுருட்டித் தகரக் குழாய்க்குள் வைத்தார். எழும்பிப் போகவில்லை, வாங்கின் ஓரத்தில் இருந்தார்.

ஓம் போடுங்கோ

மூன்று மணி. மூன்றரை. பூமணி அக்காவைக் காணவில்லை. பஸ் வரவில்லை என்று சந்தியிலிருந்து ஒருவர் வந்து சொன்னார். கதைத் தாளோ அக்காவின் பையில். மாஸ்டர் தலைமையுரையை இரண்டு தரம் பேசிவிட்டார். சனம் தங்களுக்குள்ளே வழக்காடத் தொடங்கிவிட்டது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்புக்குப் போகவேண்டியவர்கள் எழும்பத் தொடங்கினார்கள். சின்னத்தம்பியர் கதவடியில் பென்சிலோடு நின்றார். நான் அவரைப் பார்த்தேன். "ஆள் கனக்க நிக்குது தம்பி. ஆனால் கேக்க வந்தவையோ, சண்டை பிடிக்க வந்தவையோ? இருந்து கேட்டால்தான் நான் எண்ணுவன்" என்றார்.

எனக்கு அக்காவின் முகம் நினைவு வந்தது. மண்டபம் போனால் அவர் பழையபடி தபாலில்தான். நான் மேடைக்குப் போகவில்லை. எனக்கு மேடை ஒத்துவராது. மண்டபத்தின் நடுவில் போய் ஒரு வாங்கில் இருந்துகொண்டு, "கதையின்ரை மிச்சத்தை நான் சொல்லுறன்" என்றேன். வழக்கம்போல ஒருவருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த நாலு பேருக்கு மட்டும் கேட்டது. அவர்கள் "உஸ்" என்றார்கள். அதற்கடுத்தவர்கள் கிட்ட வந்தார்கள். யன்னலுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். வாங்குகள் இழுபட்டு என்னைச் சுற்றி வளைத்தன. எங்கள் வீட்டில் கதை சொல்லும்போது கேட்கிறவர் ஒவ்வொரு வரிக்கும், ஆமாம் கேட்கிறேன் என்பதாக, ஓம் போடவேண்டும். போடாவிட்டால் அப்பு அந்த இடத்திலேயே கதையை நிற்பாட்டிப் போடுவார். எனக்கு வேறு விதமாகக் கதை சொல்லத் தெரியாது. "எல்லாரும் ஓம் போடோணும்" என்றேன். "ஓம்" என்றது மண்டபம். அவ்வளவு பெரிய சத்தத்தை என் குரல் அதுவரை உண்டாக்கினதில்லை.

அலவாங்கோடு தம்பிக்காரன் இந்தப் பக்கம். ஓம். கயிற்றோடு அண்ணன் பெண்சாதி, அவனுடைய மச்சாள், அந்தப் பக்கம். ஓம். தகப்பன் காலத்துக் கயிறு, கிணற்றுக் கட்டிலிருந்து வேலிவரைக்கும் தகப்பன் முடிச்சுப் போட்டு வைத்த அளவு. ஓம். மச்சாள் ஒரு நுனியைக் கிணற்றுக் கட்டில் தம்பிக்காரனைப் பிடிக்கச் சொன்னாள். மற்ற நுனியை வேலிக்கு இழுத்தாள். முடிச்சு எங்கே வந்து நின்றது? ஒருவரும் ஓம் போடவில்லை. முடிச்சு, வேலியில் இருந்த கதியாலில் வந்து மட்டாக நின்றது. ஒரு சாண் கூடவுமில்லை, குறையவுமில்லை.

தம்பிக்காரன் தன்னை மறந்து கேட்டுவிட்டான்: "பன்னிரண்டு வருசம் தள்ளினனே மச்சாள், உதெப்பிடி?" மச்சாள் கயிற்றைச் சுற்றிக்கொண்டு சொன்னாள்: "நீ தள்ளித் தள்ளி நாட்ட, நான் மழைக்கு மண் இளகின உடனை பிடுங்கிப் பிடுங்கித் திருப்பி நாட்டினனான். இந்த வருசமெண்டாலும் ரெண்டு பேரும் சேந்து ஒருக்கா நாட்டுவம். எனக்கும் இடுப்பு ஏலாது."

மண்டபம் வெடித்தது. இரண்டு கட்சியும் வென்றுவிட்டது. மாமி மடியில் அடித்து அடித்துச் சிரித்தார். பொன்னையர் தகரக் குழாயால் வாங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு திடீரென்று நிறுத்தி, ஏதோ கணக்குப் பார்க்கிறவர்போல யோசிக்கத் தொடங்கினார். வாசலைப் பார்த்தேன். பூமணி அக்கா பையோடு நின்றுகொண்டிருந்தார். பஸ் நடுவழியில் நின்றுபோய், மிச்சத் தூரம் நடந்து வந்தாராம். எப்போதிருந்து நின்றார் என்று தெரியாது. அவரும் ஓம் போட்டாராம். இன்னொருவரின் கதையில் கைவைத்துவிட்டேனே. "என்ரை முடிவிலை ரெண்டு பேரும் வழக்கு வைக்கப் புறக்டரிட்டைப் போயினம்" என்றார் அக்கா. பிறகு பையிலிருந்து தாளையும் பேனையையும் எடுத்து என் மடியில் வைத்தார். "நீ சொன்னதை எழுதித் தா. ஆனால் பேர் என்ரைதான் போடுவன்."

எண்ணிக்கை

சனம் கலைந்தது. மாஸ்டர், தம்பிராசா அண்ணை, அக்கா, நான், நாலு பேரும் அலுமாரிப் பக்கத்தில் நின்றோம். சின்னத்தம்பியர் வந்தார். பென்சில் அவர் காதிலும் இல்லை, கையிலும் இல்லை. மாஸ்டர் தொண்டையைச் செருமி, "எத்தினை பேர்?" என்று கேட்டார். அவர் அலுமாரியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"பதினேழு மட்டும் எண்ணினனான், மாஸ்டர். அதுக்குள்ளை கதையிலை அவள் கயிற்றோடை வந்திட்டாள், எண்ணிக்கை விட்டுப்போச்சு. வாற மாதம் வந்து முதலிலையிருந்து எண்ணுறன்."

இது நாலாவது வருடம். மண்டபம் எங்களுக்கா, கரம் பெடியளுக்கா என்று இன்னும் தீரவில்லை, ஏனென்றால் சின்னத்தம்பியர் ஒரு மாதமாவது கடைசிவரை எண்ணி முடித்ததில்லை.